சேட்டுக்குப் பாவ் கூடாது

போன வாரம் என் மேசைக்கு ஒரு நாய் பிஸ்கட் பெட்டியின் அச்சுப்படி வந்தது. செம்பூரில் பெட்டிகளும் உறைகளும் அச்சடிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. பெட்டியின் முன்பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குமே ஒரு பொடி எழுத்து, அதை ஒருவன் உட்கார்ந்து படித்தாக வேண்டும். அந்த ஒருவன் நான். முன்பக்கத்தில் பொன்னிற நாய் ஒன்று நாக்கை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. திருப்பினேன். முதல் சொல் கோதுமை மாவு. அடுத்தது பால் பொடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் "க்யா ஹுவா?" என்றார், என்ன ஆச்சு என்று. பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் வயிற்றுப்போக்கை நினைத்துச் சிரிக்கிறேன் என்று ஆபீஸில் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

சேட்டு எங்கள் நாய் என்பது பாதிதான் உண்மை. தாராவியில் அப்போது எங்கள் சந்தில் பதினான்கு வாசல்கள். சந்து எப்படி என்றால், குடையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் உரசும். மழைக்காலத்தில் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி ஓடுகிறவர்களை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்பாவுக்கு இட்லி வியாபாரம். அம்மா அரைத்து அவித்துக் கொடுப்பாள். அப்பா அந்தப் பெரிய அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளின் பின்னால் கட்டி, ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கிக்கொண்டு மாட்டுங்காவின் கட்டடங்களைச் சுற்றி வருவார். ஒரு மழைநாளில் திரும்பி வந்து பாத்திரத்தின் மூடியைத் திறந்தபோது, உள்ளே ஈரத்துணி மேல் ஒரு குட்டி நாய் உட்கார்ந்திருந்தது.

"ரோட்டுல நனைஞ்சிட்டுக் கெடந்தான். இட்லி தீந்துட்டு, பாத்திரம் சும்மாதான இருக்கு?" என்றார் அப்பா.

"இட்லிப் பாத்திரத்துலயா? நல்லா வெளங்கிரும் யாவாரம்," என்றாள் அம்மா. அந்தப் பாத்திரம் அதற்கப்புறம் இட்லியைப் பார்க்கவில்லை. அதன் மூடி சேட்டுக்குச் சாப்பாட்டுத் தட்டானது. வயிறு உருண்டையாக, துணிக்கடையில் திண்டில் சாய்ந்த முதலாளி போலவே அவன் சுவரில் சாய்ந்து உட்காருவான். அதனால் சேட்டு.

அந்த வீட்டின் வாசனையை இப்போதும் மூக்கு மறக்கவில்லை. பத்துக்குப் பத்து அறை, அதில் மூன்று பெரிய வாளிகளில் மாவு புளித்துக்கொண்டிருக்கும். மாவு இருக்கிற வீட்டில் மீன், கறி எதுவும் வேகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். மாட்டுங்காவில் எங்களிடம் இட்லி வாங்குகிற வீடுகள் அப்படி. இட்லியைப் பிட்டு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்கள். அதனால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பு எதிர் வீட்டுச் செல்வியக்காவிடமிருந்து கிண்ணத்தில் வரும். மீன் வராது. மீன்வாடை கிண்ணத்தோடு போகாது என்று அம்மா அதற்குத் தடை போட்டிருந்தாள். இருபது வயது வரை நான் மீன் தின்றதில்லை.

செல்வியக்கா தூத்துக்குடிப் பக்கம். கணவர் துறைமுகத்தில் லோடு வேலை, மகள் பள்ளிக்கூடத்தில். அக்கா எதிர் வீட்டிலிருந்து பேசினால் எங்கள் வீட்டில் ரேடியோ வேண்டாம்.

நான் அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள். சந்தில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும்: கரண்ட் பில், ரேஷன் விண்ணப்பம், ஆஸ்பத்திரிச் சீட்டு. நான் அதை உடனே படித்துச் சொல்ல மாட்டேன். முதலில் மனதுக்குள் ஒருமுறை, பிறகு நெற்றியைச் சுருக்கி ஒருமுறை, அப்புறம்தான் வாயைத் திறப்பேன். இன்றைக்கு நினைத்தால் காது சூடாகிறது.

சேட்டுக்கு மூன்று வயதானபோது உடம்பு கெட்டது. முதலில் சொறிந்தான். காதின் உள்பக்கம் சிவந்தது. பாதத்தை நக்கி நக்கி ரோமம் செம்பட்டையானது. அப்புறம் வயிறு. காலையில் மஞ்சள் தண்ணீராக வாந்தி. ஒரு நாளைக்கு நாலு தடவை, சளி சளியாக வயிற்றுப்போக்கு. படுத்திருக்கும்போது வயிற்றுக்குள்ளிருந்து கட்டில் இழுக்கிற மாதிரிச் சத்தம் வரும். திண்டில் சாய்ந்த முதலாளி போய், விலா எண்ணக்கூடிய கூலியாள் போல ஆகிவிட்டான்.

அவன் வாந்தி எடுக்கிற இடம் எப்போதும் எங்கள் வாசற்படி. உள்ளே மாவு. அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் சொல்லிவிட்டார்.

"ஏல, பொங்கல் வரைக்கும் பாப்பேன். சரியாவலன்னா உல்லாஸ்நகர் மாமா கிடங்குக்கு அனுப்பிருவேன். அவருக்கும் காவலுக்கு ஒரு நாயி வேணுமாம்."

"அங்க சங்கிலி போட்டுல்லா கெட்டிருவாங்க," என்றாள் அம்மா. "ஒரு வாரம் தாங்காது இது."

அப்பாதான் அவனைக் கொண்டுவந்தவர். அவன் தலையில் கை வைக்காமல் அவர் சைக்கிளைக் கிளப்பியதே இல்லை.

மாட்டுங்கா ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மிருக டாக்டர் இருந்தார். மராத்திக்கார அம்மா. மலத்தைச் சோதித்தார், பூச்சி மருந்து கொடுத்தார், தோலைச் சுரண்டிப் பார்த்தார். எதிலும் ஒன்றும் இல்லை. அப்புறம், என்ன சாப்பிடுகிறான் என்று இந்தியில் கேட்டார்.

"சோறுதான். வேற ஒண்ணுமில்ல," என்றார் அப்பா. நான் அதை "ஸிர்ஃப் சாவல்" என்று கம்பீரமாக மொழிபெயர்த்தேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு உணவு அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அது எது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது என்றார். எட்டு வாரத்துக்கு அவனுக்கு ஒரே சாப்பாடு. அரிசி, வேகவைத்த பூசணிக்காய், அதோடு இதுவரை அவன் தின்றே இராத ஏதாவது ஒரு மாமிசம். உப்பு, மிளகாய், எண்ணெய் கிடையாது. வேறு எதுவும், ஒரு துணுக்குக்கூட, வாயில் படக்கூடாது. வயிற்றுக்கு ஒரு மாத்திரை, தினமும் காலையில், உணவோடு. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். நான் நெற்றியைச் சுருக்கிப் படித்தேன்.

தாராவி நாய் தின்றே இராத மாமிசம் எது? வீட்டில் ஒரு கூட்டமே நடந்தது. கோழி, ஆடு, முட்டை எல்லாம் ஆகிவிட்டது. கடைசியில் செல்வியக்காதான் சொன்னார். "மீனு தின்னதில்ல. தொண்டைல முள்ளு குத்திரும்னு நான் ஒருநாளும் போட்டதில்ல. கருவாட்டுத் துண்டுகூட."

"மீனா?" என்று அம்மா மாவு வாளிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க ஏன் மதினி கெடந்து பயப்படுதீக? என் அடுப்புல வேவட்டும். ஆனா ஒண்ணு, உப்புப் போடாம மீன வேவிச்சா எங்கம்மா கல்லறைலேந்து எந்திச்சு வந்து கரண்டியப் புடுங்கிருவா."

தினமும் சயான் மார்க்கெட்டில் நாலு அயிலை மீன். அக்கா வேகவைத்து, முள்ளெடுத்து, எதிர்வாசலில் வைத்தே ஊட்டுவார். அந்த வாடை சந்தின் குறுக்கே எங்கள் வாசலுக்கு வரும்போதெல்லாம் அம்மா ஊதுபத்தி கொளுத்துவாள். எட்டு வாரம் எங்கள் வீட்டில் எல்லா நாளும் வெள்ளிக்கிழமை.

இனி சந்து. ஒவ்வொரு வாசலாகப் போய், "சேட்டுக்குச் சாப்பாடு எதுவும் போடுதீங்களா?" என்று கேட்டேன். எல்லாரும் சத்தியம் பண்ணாத குறை. "ச்சே, நீதான் சொல்லிட்டியே தம்பி!" நான் நம்பினேன். இரண்டாம் நாள் கோடி வீட்டுத் தையல்கார அண்ணாச்சி, டீயில் முக்கிய, காரி என்கிற பொரபொர பிஸ்கட்டை சேட்டின் வாயில் வைப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி, சாப்பாடு போடலன்னு சொன்னீங்க?"

"சாப்பாடு எங்கல போட்டேன்? பிஸ்கட்டுல்லா குடுத்தேன்!"

அவர் பொய் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள், நம் ஆட்களுக்குச் சோறு இறங்கினால்தான் சாப்பாடு. பத்து மணிக்கு எட்டு இட்லி தின்ற மனிதரிடம் பதினொன்றுக்கு "சாப்ட்டாச்சா?" என்று கேளுங்கள், "இல்ல, இனிமேதான்" என்பார். பன், பட்டர், பிஸ்கட், வடை எல்லாம் சும்மா வாய்க்கு. கணக்கில் வராது. டாக்டரிடம் அப்பா சொன்ன பதிலும் அதே ரகம்தான். எனக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. மறுபடி பதினான்கு வாசலுக்கும் போய்க் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: "அவன் வாயில என்னெல்லாம் வச்சீங்க?" அப்போதுதான் வந்தது பட்டியல். ஒரு பேக்கரியே நடத்தலாம்.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, சந்து முனைச் சுவரில் நீலப் பெயிண்டால் எழுதினேன். 'சேட்டுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது.' தமிழில் அழகாக எழுதி முடித்துத் திரும்பினால், பெரியவர்களுக்கு எழுத்தே தெரியாது, சிறுசுகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கீழே இந்தியில் எழுதினேன். அதற்கும் கீழே ஆங்கிலத்தில். ஆங்கிலம் யாருக்காக என்று கேட்காதீர்கள். எனக்காகத்தான்.

சந்து அடங்கியது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் எல்லா வீட்டிலும் மலைபோலக் கிடக்க, ஒரு பொரிகூட சேட்டுக்குப் போகவில்லை. ஆனால் ஆறு வாரம் முடிகிறது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. காது இன்னும் சிவப்பு. ஒரு நாள் நன்றாக இருப்பான், மறுநாள் வாசற்படியில் வாந்தி.

யாரோ கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதும் துப்பறிய ஆரம்பித்துவிட்டேன். மத்தியானமெல்லாம் அவன் எங்கே படுக்கிறான்? செல்வியக்கா வாசலில். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் கோழி? செல்வியக்கா வீட்டில். ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர் வாசலோரம் ஒரு கோழி எலும்பு கிடந்தது. எனக்கு அது போதும்.

"யக்கா, உண்மையச் சொல்லுங்க. கோழி போட்டீங்களா?"

"போடலியே."

"அப்போ இந்த எலும்பு?"

"காக்கா போட்டிருக்கும். ஏல, ஆறு வாரமா உப்பில்லாத மீன ஆஞ்சு ஊட்டுதவ, பாழாக்கவா எலும்பப் போடுவேன்?"

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. "படிக்காதவங்ககிட்ட எவ்வளவு சொன்னாலும் இப்டித்தான்," என்றேன்.

எங்கள் வீட்டுக்குள் அம்மா கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தாள். வழிக்கிற சத்தம் நின்றது. செல்வியக்கா என்னைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். அந்தச் சந்தில் பகலில் கதவு சாத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மீன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சேட்டு அந்த மூடிய கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு, "பொங்கல் வரைக்கும் எதுக்கு? மாமாவுக்கு இப்பமே போன் போட்டுருதேன்," என்றார். ஒரே ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு பண்ணலாம் என்று கெஞ்சி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தூக்க முடிந்தது. அவ்வளவு இளைத்திருந்தான்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன், பூசணி, பதினான்கு வாசல், சுவரில் மூன்று மொழி. அவர் பாராட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தேன். எழுதிக்கொண்டே, "கோலி கைஸே தேதே ஹோ?" என்றார். மாத்திரையை எப்படிக் கொடுக்கிறாய் என்று.

அது என் பொறுப்பு. யாரையும் தொட விட்டதில்லை. தினமும் காலையில் நானே எழுந்து கொடுப்பேன். சோற்றில் வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடுவான். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். அந்தப் பெருமையோடு பதில் சொன்னேன்.

"பாவ் மே, மேடம். தூத் மே டுபாகே."

பாவ் ரொட்டியில் வைத்து. பாலில் முக்கி.

என் வாயிலிருந்து வந்ததை என் காது கேட்டது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. "பாவ் எதில் செய்கிறார்கள், தெரியுமா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். சேட்டு என் மடியில் கிடந்து அவர் கையை நக்கிக்கொண்டிருந்தான்.

உணவோடு என்று காகிதத்தில் இருந்தது. நான் உணவோடுதான் கொடுத்தேன். ஆனால் அது மருந்தாயிற்றே, சாப்பாட்டுக் கணக்கில் எப்படி வரும்? தையல்கார அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்த நான், ஆறு வாரமாகத் தினமும் என் கையாலேயே கோதுமையையும் பாலையும் ஊட்டியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் அவனைச் சுமந்துகொண்டு நடந்தது நினைவிருக்கிறது. நேராக செல்வியக்கா கதவைத் தட்டினேன். திறந்தார். சொன்னேன். பாவ், பால், எல்லாம். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"உள்ள வா. உக்காரு."

உட்கார்ந்தேன். ஒரு தட்டில் அவித்த அயிலை வந்தது. வெள்ளையாக, வெறுமனே. அன்றைக்கும் வேகவைத்திருக்கிறார், முந்தின நாளும் வைத்திருந்தாராம், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கதவைத் திறக்கவில்லையாம்.

"இதத் தின்னு. ஒன் நாயி ஆறு வாரமா இதத்தான் திங்கி. படிச்சவரும் ஒருநாளு தின்னு பாக்கட்டும்."

"யக்கா, நான் மீனு…"

"தின்னுல."

தின்றேன். வாழ்க்கையில் முதல் மீன். உப்பில்லை, உறைப்பில்லை, ஈரப்பஞ்சை மென்ற மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முள்ளு, முள்ளு! மெல்லல படிச்சவனே!" என்று அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணிலும் தண்ணீர். எதிர்வாசலில் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளைக்கு மாவுப் பக்கம் வந்துராத," என்றாள். "செல்வி, இன்னொரு துண்டு வையி. பத்தாது அவனுக்கு."

மறுநாள் மாத்திரை மீன் உருண்டைக்குள் போனது. அக்கா கையால் கொடுத்தால் சேட்டு மெல்லாமலே விழுங்குவான். பத்து நாளில் வயிறு கட்டியது. முதல்முறை கெட்டியாகப் போன அன்றைக்கு அப்பா என்னைக் கூப்பிட்டு, ஏதோ பொக்கிஷம் கிடைத்த மாதிரி, "இங்க வந்து பாருல!" என்று காட்டினார். நாங்கள் இருவரும் நின்று அதைப் பார்த்தோம். கிறிஸ்துமஸுக்கு செல்வியக்கா வீட்டிலிருந்து பதினான்கு வாசலுக்கும் கேக் போனது. சேட்டை அன்று முழுவதும் தன் காலுக்கடியிலேயே வைத்துக்கொண்டார். பொங்கலுக்குள் காதுச் சிவப்பு இறங்கி, பாதத்தில் புதுரோமம் முளைத்துவிட்டது.

பொங்கலன்று மாமா உல்லாஸ்நகரிலிருந்து வந்தார். "எங்க மச்சான் என் காவக்காரன்?" என்றார்.

"அவன் இங்க டியூட்டில இருக்கான். லீவு கெடையாது," என்றார் அப்பா, சேட்டின் தலையில் கை வைத்துக்கொண்டு.

அப்புறம் டாக்டர் சொன்னபடி ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தோம். கோழி ஒத்துக்கொண்டது. ஆடும். ஒரு விரற்கடை பாவ் கொடுத்தோம். இரண்டாம் நாள் வாசற்படியில் வாந்தி. அன்று சாயங்காலம் நான் சந்துக்குள் நுழையும்போது, சுவரில் என் மூன்று மொழிக்கும் கீழே கரியால் புதிதாக ஒரு வரி இருந்தது. செல்வியக்கா சொல்ல, அவர் மகள் இந்தியில் எழுதியது. 'பாவ் பீ நஹி.' பாவ்கூடக் கிடையாது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். மழை கரியை அழித்தால், யாரோ மறுபடி எழுதிவிடுவார்கள்.

சேட்டு அதற்கப்புறம் ஏழு வருஷம் இருந்தான். மறுபடி தொந்தி வைத்து, சுவரில் சாய்ந்து, ஒருநாள் வெயிலில் தூங்கியபடியே போய்ச் சேர்ந்தான். அவன் போன பிறகும் சுவரெழுத்தை யாரும் அழிக்கவில்லை. ஒவ்வொரு மழை முடிந்ததும் கரி வரி புதிதாக இருக்கும்.

இப்போது அந்தச் சந்து இல்லை. புதுக் கட்டடம் வரப்போகிறதென்று வீடுகளைக் காலி செய்து கொடுத்தாயிற்று. நாங்கள் வடாலாவில் ஏழாவது மாடியில் இருக்கிறோம். காற்று வருகிறது, தண்ணீர் வருகிறது, குடையை விரித்துக்கொண்டு வாசல் வரை வரலாம். குறை ஒன்றும் சொல்ல மாட்டேன். அம்மா அரைப்பதை நிறுத்திவிட்டாள். அப்பாவின் ரப்பர் ஹாரன் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. செல்வியக்கா காட்கோபரில் மகளோடு. மாதம் ஒருமுறை போனால் மீன் வைப்பார், உப்பும் மிளகாயும் போட்டு. முதல் துண்டை எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் "முள்ளு, முள்ளு" என்பார்.

எங்கள் மாடியிலும் ஒரு வீட்டில் நாய் இருக்கிறது. வெள்ளையாக, சுத்தமாக. லிஃப்டில் பார்ப்பேன். அதற்கு என்ன கொடுக்கலாம், என்ன கூடாது என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. இரண்டு வருஷத்தில் யாரும் அதன் வாயில் எதையும் வைத்து நான் பார்க்கவில்லை.

அந்த பிஸ்கட் பெட்டியின் அச்சுப்படியில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் 'கோதுமை' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போடலாம் என்று ஓரத்தில் குறித்து அனுப்பினேன். கீழே அந்தக் கரி வரியையும் எழுதக் கை போயிற்று. சுவராக இருந்தால் எழுதியிருப்பேன்.